சிறுவர் தந்த சில்லறைக் காசு



வரலாறு என்ற சொல்லைக் கேட்டதும் உங்கள் நினைவில் எழுபவை எவை? முடியரசர், போர்க்களம், கோட்டை, உடன்படிக்கை, ஆண்டுக் கணக்கு ஆகியவையே முதலில் தோன்றும். அவை அனைத்தும் வேண்டற்பாலனவே. ஆயினும், கல்வெட்டில் ஏறாத வரலாறு ஒன்றும் உலகில் உண்டு. ஒரு நாட்டுச் சிறுவன் தன் கையிலிருந்த சில்லறைக் காசைத் தின்பண்டம் வாங்காமல் எடுத்துவைத்து, முகமே அறியாத வேறொரு நாட்டுக் குழந்தையின் உணவுக்கும் கல்விக்கும் அனுப்பினான். அவனைப் போல் இலட்சக்கணக்கானோர் அனுப்பினர். அக்காசு எங்கே போயிற்று? எதனை விளைத்தது? எங்கே நன்மை செய்தது, எங்கே தடுமாறியது? இவற்றைக் குன்னூரில் இருந்துகொண்டு எண்ணிப் பார்ப்பது பொருத்தமே. ஏனெனில், பசித்த குழந்தைக்கு எதனைக் கொடுக்கவேண்டும் என்னும் கேள்விக்கு அறிவியல் முறையில் விடை தேடிய இடங்களுள் இம்மலையூர் முதன்மையானது.

முதலில் கடல் கடந்து யாழ்ப்பாணம் செல்வோம். 1816ஆம் ஆண்டு அமெரிக்க மிஷனரிமார் அங்கே தம் பணியைத் தொடங்கினர். 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரியும், அதனையடுத்து உடுவிலில் பெண்களுக்கான விடுதிப் பள்ளியும் தோன்றின. உணவும் உடையும் கொடுத்துப் படிப்பிக்கும் இப்பள்ளிகளுக்குப் பணம் எங்கிருந்து வந்தது? பெரும்பகுதி அமெரிக்க நாட்டின் சிற்றூர்த் திருச்சபைகளிலிருந்தும், மாதர் சங்கங்களிலிருந்தும், ஞாயிறு பள்ளிகளிலிருந்தும் வந்தது. 1820 முதல் யாழ்ப்பாணத்தில் மருத்துவப் பணி செய்து, பின்னர்ச் சென்னைக்கு வந்த ஜான் ஸ்கடர் என்பார், அமெரிக்கச் சிறுவர் சிறுமியருக்கென்றே கடிதங்களும் நூல்களும் எழுதினார். 1842 முதல் 1846 வரை தம் தாயகத்தில் தங்கியிருந்தபோது, ஊர் ஊராகச் சென்று சிறுவர் கூட்டங்களில் பேசினார். பெரியவர்களை விட்டுச் சிறுவர்களை நோக்கி இவ்வாறு வேண்டுகோள் விடுப்பது அக்காலத்தில் புதுமையாகவே இருந்தது. வேலூர் மருத்துவப் பணியைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் அம்மையார் இவருடைய பேர்த்தியே ஆவார்.

அதே காலத்தில் ஐரோப்பாவிலும் இத்தகைய எண்ணம் முளைத்தது. 1843இல் பிரான்சு நாட்டில் நான்சி நகர ஆயராகிய ஃபோர்பின் ஜான்சன் என்பவர் ஒரு குழந்தைகள் சங்கத்தை நிறுவினார். ஒவ்வொரு பிள்ளையும் மாதம் ஒரு 'சூ' காசு தரவேண்டும் என்பதே விதி. சூ என்பது பிரெஞ்சு நாட்டுச் சிறு நாணயம். நம் பழைய காலணாவைப் போன்றது எனக் கொள்ளலாம். சீன நாட்டில் கைவிடப்பட்ட குழந்தைகளைக் காப்பதே தொடக்கத்தில் அச்சங்கத்தின் நோக்கம். ஏழை வீட்டுப் பிள்ளையும் தரக்கூடிய அளவுக்குத் தொகையைச் சிறிதாக வைத்ததிலேதான் அத்திட்டத்தின் வலிமை இருந்தது. பலர் கூடிச் சிறிது சிறிதாகச் சேர்க்கும் பெருநிதி நமக்கும் புதிதன்று. சோறாக்க அரிசி எடுக்கும்போது ஒரு பிடியைத் தனியே கலயத்தில் இட்டுவைத்துப் பொதுக் காரியத்துக்கு அளிக்கும் பிடியரிசி வழக்கம் நம் இல்லங்களில் நெடுநாள் நிலவியது அன்றோ?

மீண்டும் யாழ்ப்பாணத்துக்கு வருவோம். அங்கே ஒரு வழக்கம் இருந்தது. ஒரு மாணவனின் செலவை ஏற்றுக்கொண்ட அமெரிக்க அன்பர், அவனுக்குத் தாம் விரும்பும் பெயரைச் சூட்டலாம். ஆகவே, தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்து தமிழ்ப் பெயர் பெற்றிருந்த பிள்ளைகள், பள்ளிப் பதிவேட்டில் முன்பின் அறியாத ஆங்கிலப் பெயரோடு நின்றனர். கரோல் விசுவநாதபிள்ளை என்னும் பெயரில் அவ்வழக்கத்தின் சுவடு இன்றும் தெரிகின்றது. கொடுத்தவரின் மனம் நல்ல மனமே, ஐயமில்லை. ஆயினும், உணவும் எழுத்தும் பெறுவதற்கு ஒரு குழந்தை தன் பெயரை இழக்கவேண்டுமா என்னும் கேள்வியை நாம் கேட்காமல் இருத்தல் இயலாது.

இக்கேள்விக்குத் தமிழர் இரண்டு வகையில் விடை தந்தனர். ஒருவகை விடை, பெற்ற கல்வியைத் தம் மொழிக்கே திருப்பித் தந்தது. 1857இல் தோன்றிய சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் இருவரும் வட்டுக்கோட்டைச் செமினரியில் பயின்றவர்களே. ஒருவர் மேலே சொன்ன விசுவநாதபிள்ளை, மற்றவர் சி. வை. தாமோதரம்பிள்ளை. தாமோதரம்பிள்ளை பிற்காலத்தில் ஏட்டுச் சுவடிகளைத் தேடித் தேடித் தொகுத்து, 1881இல் வீரசோழியத்தையும், 1887இல் கலித்தொகையையும் அச்சேற்றினார். செல்லரித்து அழியவிருந்த சங்கச் செல்வத்தின் ஒரு பகுதி இவ்வாறு காக்கப்பட்டது. கடலுக்கு அப்பால் ஒரு சிற்றூரில் உண்டியலில் விழுந்த காசு, கொடுத்தவர் கனவிலும் கருதாத ஒரு பயனைத் தமிழுக்கு விளைத்தது. அவர்கள் நாடியது ஒன்று, விளைந்தது மற்றொன்று. கல்வி என்பது அத்தகைய வித்து. விதைத்தவன் விரும்பியபடி மட்டும் அது வளர்வதில்லை.

மற்றொரு விடையை ஆறுமுக நாவலர் தந்தார். மிஷன் பள்ளியில் பயின்று, அங்கேயே ஆசிரியராகவும் இருந்த அவர், 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். மிஷனரிமாரின் பள்ளி நடத்தும் முறை, பாடநூல் எழுதும் முறை, அச்சியந்திரம் ஆகிய அனைத்தையும் கற்றுக்கொண்டு, உள்ளூர் மக்களின் பொருளைக்கொண்டே தம் சமயப் பிள்ளைகளுக்கு அவர் கல்வி அளிக்க முயன்றார். பிறர் தரும் உதவியில் கொள்ளத்தக்கதைக் கொண்டு, தம் காலில் நிற்க முயல்வது இவ்விடை. மாணவர்களே, இவ்விரண்டில் எது சரி என்று நான் தீர்ப்புக் கூறப்போவதில்லை. இரண்டும் தன்மானமுள்ள விடைகள் என்பது மட்டும் உறுதி.

இனி, இருபதாம் நூற்றாண்டுக்கு வருவோம். முதல் உலகப்போர் 1918இல் முடிந்தது. தோற்ற நாடுகளாகிய ஆஸ்திரியாவிலும் ஜெர்மனியிலும் முற்றுகையினால் உணவின்றிக் குழந்தைகள் வாடினர். இங்கிலாந்தில் எக்ளன்டைன் ஜெப் என்னும் அம்மையார், அப்பகை நாட்டுக் குழந்தைகளின் படங்களை அச்சிட்ட துண்டறிக்கைகளை 1919இல் இலண்டன் மாநகரின் டிரஃபால்கர் சதுக்கத்தில் வழங்கினார். அனுமதி பெறாத அறிக்கையை வழங்கினார் என்று அவர்மீது வழக்குத் தொடுக்கப்பட்டது. ஐந்து பவுன் அபராதம் விதிக்கப்பட்டது. அவரைக் குற்றவாளி என்று வாதாடிய அரசு வழக்கறிஞரே அந்த ஐந்து பவுனை அவரிடம் அளித்தார் என்பது வரலாறு. அவ்வாண்டிலேயே 'குழந்தைகளைக் காப்போம்' என்னும் நிதி தோன்றியது. பசித்த குழந்தைக்குப் பகைநாடு, நட்புநாடு என்னும் வேறுபாடு இல்லை என்பதே அவருடைய கொள்கை. அவர் வரைந்த குழந்தை உரிமை அறிக்கையை 1924இல் உலக நாடுகளின் சங்கம் ஏற்றுக்கொண்டது. நம் பள்ளிகளில் நீங்கள் அறிந்த இளஞ்செஞ்சிலுவைச் சங்கமும் இப்போர்க்காலத்து முயற்சிகளின் வழியே பரவியதுதான். அமெரிக்கப் பள்ளிச் சிறுவர் அச்சங்கத்தின் வாயிலாகத் திரட்டிய பணம் போருக்குப்பின் ஐரோப்பியக் குழந்தைகளுக்குச் சென்றது.

காசு திரட்டியாயிற்று. இனி எதனை வாங்கிக் கொடுப்பது? அன்பு மட்டும் இதற்கு விடை தராது, அறிவும் வேண்டும். இங்கேதான் குன்னூர் வருகின்றது.

சிம்ஸ் பூங்காவுக்கு அருகே உள்ள பாஸ்டர் நிலையத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வெறிநாய்க்கடிக்கு மருந்து தரும் பொருட்டு 1907இல் அது தன் பணியைத் தொடங்கியது. அந்நிலையம் உருவாவதற்கும் ஓர் அயல்நாட்டுக் கொடை துணைநின்றது. ஹென்றி ஃபிப்ஸ் என்னும் அமெரிக்கர் கர்சன் பிரபுவிடம் அளித்த பொருளின் ஒரு பகுதி இதற்குச் செலவாயிற்று. அந்நிலையத்தில் ஒரே அறையில், 1918இல், இராபர்ட் மக்காரிசன் என்னும் மருத்துவர் பெரிபெரி நோயைப் பற்றிய ஆராய்ச்சியைத் தொடங்கினார். அவ்வோர் அறைதான் வளர்ந்து ஊட்ட உணவு ஆராய்ச்சி நிலையம் ஆயிற்று.

மக்காரிசன் செய்த சோதனைகளுள் ஒன்றை மட்டும் கூறுகிறேன். இந்தியாவின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவு வகைகளை, ஒரே வயதும் ஒத்த எடையும் உடைய எலிக் கூட்டங்களுக்குத் தனித்தனியே கொடுத்தார். கோதுமை ரொட்டி, பால், வெண்ணெய், பருப்பு, காய்கறி ஆகியவை அடங்கிய சீக்கியர் உணவை உண்ட எலிகள் 140 நாட்களில் சராசரி 235 கிராம் எடையை அடைந்தன. தீட்டிய அரிசியையே பெரிதும் நம்பியிருந்த சென்னை மாகாணத்து உணவை உண்டவை 155 கிராம் அளவிலேயே நின்றுவிட்டன. தென்னாட்டு மக்கள் பிறப்பிலேயே மெலிந்தவர் என்று அதுவரை கூறிவந்தவர்களுக்கு இச்சோதனை தக்க விடையாயிற்று. குறை குருதியிலன்று, தட்டிலே இருந்தது. அரிசியைப் பளபளவென்று தீட்டும்போது, தவிட்டோடு சேர்ந்து ஓர் உயிர்ச்சத்து நீங்கிவிடுகின்றது. நெல்லை அவித்து உலர்த்திக் குத்தும் புழுங்கலரிசியில் அச்சத்து பெரும்பாலும் தங்கிவிடுகின்றது. நம் பாட்டிமார் வழக்கமாகச் செய்துவந்ததன் உட்பொருளை அறிவியல் இவ்வாறு விளக்கிற்று.

1935இல் அந்நிலையத்தின் பொறுப்பை ஏற்றவர் வாலஸ் அய்க்ராய்டு. அவரும் அவருடைய இந்தியத் துணைவர்களும் நம் நாட்டு உணவுப்பொருள்கள் ஒவ்வொன்றிலும் உள்ள சத்துக்களை அளந்து அட்டவணையாக வெளியிட்டனர். கேழ்வரகில் சுண்ணச் சத்து எவ்வளவு, முருங்கைக் கீரையில் எத்தனை சத்துக்கள் அடங்கியுள்ளன என்பன போன்ற செய்திகள் எளிய விலையில் கிடைத்த அச்சிறு நூல் வாயிலாகவே பள்ளிகளுக்கும் விடுதிகளுக்கும் எட்டின. இன்னொரு சோதனையும் செய்தனர். அரிசிச் சோற்றையே உண்டுவந்த விடுதிச் சிறுவர் சிலருக்கு நாள்தோறும் கொழுப்பு நீக்கிய பாலைக் கூடுதலாகக் கொடுத்தனர். பால் பெற்றவர்கள், பெறாத தம் தோழரைவிட உயரத்திலும் எடையிலும் மிகுதியாக வளர்ந்தனர். வெண்ணெய் எடுத்தபின் மலிவாகக் கிடைக்கும் பாலே ஓர் ஏழைக் குழந்தையின் வளர்ச்சியை மாற்றவல்லது என்பது இதனால் புலனாயிற்று. அய்க்ராய்டு 1946இல் ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனத்தில் ஊட்டவுணவுப் பிரிவின் தலைவரானார். குன்னூரில் பெற்ற பட்டறிவை அவர் உலகப் பணிக்குக் கொண்டுசென்றார் எனலாம். ஆராய்ச்சி நிலையம் 1958இல் ஐதராபாத்துக்கு மாறிச் சென்று, 1969இல் தேசிய ஊட்டவுணவு நிறுவனம் என்னும் பெயரைப் பெற்றது.

இப்போது மீண்டும் சிறுவர் உண்டியலுக்கு வருவோம். இரண்டாம் உலகப்போருக்குப்பின், 1946 டிசம்பர் 11ஆம் நாள், ஐக்கிய நாடுகள் குழந்தைகள் நிதி, அதாவது யுனிசெப், தோன்றியது. 1950இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரப் பகுதியில் ஒரு சிறு நிகழ்ச்சி நடந்தது. அக்டோபர் 31ஆம் நாள் இரவில் அந்நாட்டுப் பிள்ளைகள் வேடமிட்டு வீடுவீடாகச் சென்று இனிப்புக் கேட்பது வழக்கம். அவ்வாண்டு அப்பகுதிச் சிறுவர் சிலர், ஒரு மதகுருவும் ஆசிரியையாகிய அவர் மனைவியும் தூண்ட, இனிப்புக்கு மாறாகக் காசு கேட்டனர். வண்ணம் பூசிய பழைய பால் அட்டைப்பெட்டிகளே அவர்களுடைய உண்டியல்கள். சேர்ந்த தொகை 17 டாலர். அதனை அப்படியே யுனிசெப்புக்கு அனுப்பினர். அடுத்தடுத்த ஆண்டுகளில் அவ்வழக்கம் அந்நாடு முழுவதும் பரவியது. பல பத்தாண்டுகளில் இவ்வாறு சிறுவர் சேர்த்த தொகை 15 கோடி டாலரைக் கடந்துவிட்டது. பால் பெட்டியில் சேர்ந்த காசு பாலுக்கே செலவானதும் பொருத்தமே. ஏனெனில், யுனிசெப் தன் முதற்பத்தாண்டில் பல நாடுகளுக்கும் அனுப்பிய முதன்மைப் பொருள் கொழுப்பு நீக்கிய பால் மாவுதான். 1949 முதல் இந்தியாவுக்கும் அந்நிறுவனத்தின் உதவி வந்தது.

இங்கே நாம் ஓர் உண்மையைக் கவனிக்கவேண்டும். பாலிலிருந்து கொழுப்பை நீக்கும்போது அதனோடு ஏ வைட்டமினும் நீங்கிவிடுகின்றது. கண்ணொளி காக்கும் சத்து அது. பசியால் மெலிந்த குழந்தைகளுக்கு வெறும் பால் மாவை மட்டும் கொடுத்தால் போதாது என்பது அனுபவத்தில் தெரிந்தது. பின்னர் அச்சத்தைப் பால் மாவிலேயே கலந்து அனுப்பும் முறை வந்தது. கொடுக்கும் கை எவ்வளவு அன்புடையதாயினும், கொடுக்கும் பொருளைப் பற்றிய ஆராய்ச்சி இல்லையேல் கொடை குறைபடும் என்பதற்கு இஃது ஒரு சான்று.

இன்னொரு கேள்வியும் எழுந்தது. எத்தனை நாளைக்குத்தான் பால் மாவு கப்பலில் வந்துகொண்டே இருக்கும்? குஜராத்து மாநிலத்து ஆனந்த் நகரம் இதற்கு விடை கண்டது. அங்கிருந்த கைரா மாவட்டக் கூட்டுறவுப் பால் சங்கத்துக்கு யுனிசெப் பால் மாவைக் கொடுக்கவில்லை. பால் மாவு செய்யும் இயந்திரங்களைக் கொடுத்தது. அதற்கு ஈடாக அச்சங்கம் அம்மாவட்டக் குழந்தைகளுக்கு இலவசமாகப் பால் வழங்க ஒப்புக்கொண்டது. எருமைப் பாலை மாவாக்க இயலாது என்று மேலைநாட்டு வல்லுநர் கூறிவந்ததைச் சங்கத்தின் பொறியாளர் பொய்யாக்கினர். 1955 அக்டோபர் 31ஆம் நாள் அத்தொழிற்சாலையை நேரு திறந்துவைத்தார். சர்தார் படேலின் பிறந்தநாளை ஒட்டி அந்நாள் குறிக்கப்பட்டது. பிலடெல்பியாச் சிறுவர் உண்டியல் ஏந்திய நாளும் அக்டோபர் 31ஆகவே அமைந்தது தற்செயல்தான். ஆனால் நினைவில் நிறுத்த எளிது. அடுத்த அரை நூற்றாண்டுக்குள், 1990களின் இறுதியில், உலகில் மிகுதியாகப் பால் உற்பத்தி செய்யும் நாடாக இந்தியா உயர்ந்தது. ஒரு காலத்தில் பால் மாவுக்குக் கையேந்திய நாடு அது.

தமிழ்நாட்டின் கதையும் இதனோடு இணைந்ததே. 1920இல் சர் பிட்டி தியாகராயர் தலைமையிலிருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் மாணவர்க்கு நண்பகல் உணவு வழங்க முடிவு செய்தது. ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மேற்படாமல் செலவிடுவது என்பது தீர்மானம். 1956இல் காமராசர் ஆட்சியில் மதிய உணவுத் திட்டம் மாநிலமெங்கும் விரிந்தது. தொடக்கத்தில் அஃது ஊரார் தந்த நெல்லையும் விறகையும் காய்கறியையும் நம்பியே நடந்தது. அரசின் பணமும் பின்னர்ச் சேர்ந்தது. பள்ளிக் கல்வித்துறைக்குத் தலைமை தாங்கிய நெ. து. சுந்தரவடிவேலு இப்பணிக்கு உயிரூட்டினார். 1958 முதல் நடந்த பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊர் மக்கள் மணியும் மேசையும் கரும்பலகையும் சீருடையும் கொண்டுவந்து குவித்ததை முதியோர் பலர் நினைவுகூர்வர். பயிற்சிப் பள்ளியில் எம் போன்றோர்க்குப் பாடம் சொன்ன ஆசிரியர்கள் அம்மாநாடுகளைப் பற்றிக் கூறும்போது, கொடுத்தவர்களுள் பலர் தாமே எழுத்தறியாதவர் என்பதைத் தவறாமல் சொல்வார்கள்.

1961 முதல் 'கேர்' என்னும் அமெரிக்க நிறுவனம் பால் மாவும், மக்காச்சோள மாவும், எண்ணெயும் தந்து இத்திட்டத்துக்குத் துணைநின்றது. அலுமினியத் தட்டில் வைத்த மக்காச்சோள உப்புமாவும், குவளையில் ஊற்றிய பாலும் ஒரு தலைமுறையின் பள்ளி நினைவுகள். அவ்வுணவில் பெரும்பகுதி அமெரிக்க அரசின் மிகுதி விளைச்சலிலிருந்து வந்தது. அந்நாட்டு மக்களும் அந்நிறுவனத்துக்குப் பணம் அளித்தனர். ஆனால், வெளிநாட்டு உணவு ஒரு நாள் நின்றுவிடும் என்பதை அறிந்த மாநிலம் தன் பொறுப்பைத் தானே ஏற்றது. 1982 சூலை 1ஆம் நாள், திருச்சிராப்பள்ளி மாவட்டம் பாப்பாக்குறிச்சியில் முதலமைச்சர் எம். ஜி. இராமச்சந்திரன் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். 1995இல் நடுவண் அரசும் நாடளாவிய திட்டத்தைக் கொணர்ந்தது. 2001இல் உச்ச நீதிமன்றம், அரசுப் பள்ளிகளில் சமைத்த உணவையே வழங்கவேண்டும் என்று ஆணையிட்டது. 2013இல் உணவுப் பாதுகாப்புச் சட்டம், பள்ளிப் பிள்ளையின் உணவை உரிமையாக்கியது. 2022 செப்டம்பர் 15ஆம் நாள் தமிழ்நாட்டு அரசு தொடக்கப் பள்ளிகளில் காலை உணவையும் தொடங்கியது. பிச்சையாகத் தொடங்கியது உரிமையாக முடிந்த வரலாறு இது.

கொடை எப்போதும் மேற்கிலிருந்து கிழக்காகவே ஓடியது என்று எண்ணிவிடாதீர்கள். 1942இல், சோவியத்து நாட்டில் அல்லலுற்று, பெற்றோரை இழந்தும் பிரிந்தும் தவித்த போலந்துக் குழந்தைகள் நூற்றுக்கணக்கானோர் இந்தியாவுக்கு வந்து சேர்ந்தனர். நவநகர் மன்னர் திக்விஜயசிங்ஜி அவர்களைக் கடற்கரை ஊராகிய பாலாசடியில் தங்கவைத்து, உணவும் கல்வியும் அளித்தார். இந்திய மன்னர்களும் செல்வர்களும் பொருளுதவி செய்தனர். அப்போது இந்தியா அடிமை நாடு. மறு ஆண்டில் வங்காளத்தைப் பெரும் பஞ்சம் வாட்டியது. அத்தகைய நாடே அயல்நாட்டுப் பிள்ளைகளைத் தன் பிள்ளைகளாக ஏற்றது. போலந்து மக்கள் அதனை மறக்கவில்லை. தலைநகர் வார்சாவில் ஒரு பள்ளியும் ஒரு சதுக்கமும் அம்மன்னரின் நினைவைத் தாங்குகின்றன.

நம் நீலமலையிலும் கடல் கடந்து வந்த பிள்ளைகள் உண்டு. 1964ஆம் ஆண்டுச் சிறீமாவோ சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கைத் தோட்டப்புறத் தமிழர் பல்லாயிரவர் தாயகம் திரும்பினர். அவர்களுக்கு வேலை தருவதற்காகவே 1968இல் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் இம்மலையில் தொடங்கப்பட்டன. கூடலூரிலும் கோத்தகிரியிலும் குன்னூரிலும் அவர்கள் குடியேறினர. இந்தியக் குடியினர் என்று சட்டம் சொல்லிற்று. ஆயினும் இந்த மண்ணை முன்பின் கண்டறியாத பிள்ளைகள் அவர்களிடையே இருந்தனர். அப்பிள்ளைக்கு அருகில் பலகையில் இடங்கொடுத்து, தன் நோட்டுப் புத்தகத்தைப் பகிர்ந்துகொண்ட மாணவன் செய்த உதவிக்குக் கப்பலும் வேண்டியதில்லை, உண்டியலும் வேண்டியதில்லை. 'வெளிநாட்டுக் குழந்தை' என்பவர் சில வேளைகளில் நம் வகுப்பறையிலேயே அமர்ந்திருப்பார்.

மாணவர்களே, திருவள்ளுவர் அறத்துப்பாலில் 'ஒப்புரவறிதல்' என்றும் 'ஈகை' என்றும் இரண்டு அதிகாரங்களைத் தனித்தனியே வகுத்தார். அவற்றுள்ளும் ஒப்புரவையே முன்வைத்தார். இல்லாதவனுக்கு இருப்பவன் இரங்கிக் கொடுப்பது ஈகை. உலகத்தாரோடு ஒத்து வாழ்ந்து, தன் பொருள் ஊருக்கும் உரியது என்று உணர்ந்து நடப்பது ஒப்புரவு. ஈகையில் உயர்ந்த கை என்றும் தாழ்ந்த கை என்றும் இரண்டு உண்டு. ஒப்புரவில் அவ்வேற்றத்தாழ்வு இல்லை. சிறுவர் காசின் இருநூறாண்டு வரலாற்றை நோக்கினால், அது ஈகையில் தொடங்கி மெல்ல மெல்ல ஒப்புரவை நோக்கி நடந்திருப்பது தெரியும். பெயர் மாற்றிய காலம் போய், 1989இல் ஐக்கிய நாடுகள் அவை ஏற்ற குழந்தை உரிமை உடன்படிக்கை, பெயரையும் ஒவ்வொரு குழந்தையின் உரிமை என்று எழுதிவைத்தது. இந்தியா 1992இல் அவ்வுடன்படிக்கையை ஏற்றுக்கொண்டது.

ஆகவே, உங்கள் பள்ளியிலோ கல்லூரியிலோ தொலைதூரக் குழந்தைகளுக்காக உண்டியல் வைக்கும் நாளில், காசு போடுவதற்கு முன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். பெறுகின்ற பிள்ளை இதனைத் தலைநிமிர்ந்து பெற முடியுமா? இவ்வுதவி அவனுக்கு உண்மையில் வேண்டியதுதானா என்று அறிந்தவர் எவரேனும் ஆராய்ந்தனரா? நாளை இவ்வுதவி நின்றாலும் அவன் ஊர் அதனைத் தானே நடத்த வழி செய்திருக்கிறதா? முதற்கேள்வியை யாழ்ப்பாணம் நமக்குக் கற்பித்தது. இரண்டாவதைக் குன்னூர் கற்பித்தது. மூன்றாவதை ஆனந்தும் நம் சத்துணவுக் கூடங்களும் கற்பித்தன. கணக்கை எழுதி, வந்ததும் சென்றதும் எல்லார் கண்ணிலும் படும்படி அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். பிறர் காசைக் கையாள்வோர்க்கு அதுவே முதற்பாடம்.

விடை தெளிவாக இல்லையெனில் காசை நிறுத்திவைத்து, விடை தேடுங்கள். தெளிவாக இருப்பின் தயங்காமல் கொடுங்கள். தொகை சிறிது என்று நாணவேண்டா. 17 டாலரும், மாதத்துக்கு ஒரு சூவும், கலயத்தில் இட்ட ஒரு பிடி அரிசியும் எவ்வளவு தொலைவு சென்றன என்பதை இப்போது நீங்கள் அறிவீர்கள்.